வாசித்துக் காட்டிய சிட்டை

மென்பொருளில் எந்த வசதியைச் செய்ய வேண்டும் என்று கண்டறிந்து எழுதிக் கொடுக்கும் ‘புராடக்ட் மேனேஜர்’ வேலை என்னுடையது. பெயரில் ‘மேனேஜர்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் கிடைத்த பிறகு ஐந்து ஆண்டுகள் வரை எனக்குக் கீழே ஒருவர்கூட வேலை பார்க்கவில்லை. கீழப்பாவூரில் ஒரு மறுவீட்டு விருந்தில், சொதி பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியப்பா இதைப் பிடித்துக்கொண்டார். “மேனேஜர்னா ஒனக்குக் கீழ எத்தன பேருல வேல பாக்காங்க?” என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். “அப்பம் எதுக்குல மேனேஜரு?” என்றார், பந்தியே சிரித்தது. பக்கத்து இலையில் இருந்த அப்பா மட்டும் சிரிக்காமல், “எனக்கு மட்டும் கீழ யாரு இருந்தாண்ணே? மூட்டையும் நம்மளுது இல்ல, பணமும் நம்மளுது இல்ல. சந்த நடக்கலையா?” என்றார். அது பெரியப்பாவுக்குச் சொன்ன பதில். எனக்கோ, நான் பார்க்கும் வேலையை யாரோ முதல்முறையாகச் சரியாக விவரித்ததுபோல இருந்தது.

அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் 31 ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், முருங்கை, சின்ன வெங்காயம் எல்லாம் அங்கே வந்து இறங்கும். ஏலம் முடிந்ததும் பெரும்பகுதி செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறிவிடும். விளைவித்தவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், கடைக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். மூவருக்கும் நடுவில், எதற்கும் உரிமையில்லாமல், எல்லாருடைய சந்தேகத்துக்கும் உரியவராக உட்கார்ந்திருப்பவர் கணக்கப்பிள்ளை. அவர் கையில் இருப்பது ஒரு சிட்டைதான்: எடை, கழிவு, விலை, கமிஷன், கூலி, கடைசியில் விவசாயியின் கைக்குப் போகும் தொகை. அந்தச் சிட்டையைக் கொடுப்பதற்கு முன்னால் அப்பா அதை உரக்க வாசித்துக் காட்டுவார், படிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டுமல்ல, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியராக இருந்து தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கும்கூட. “அவருக்கு வாசிக்கத் தெரியும்லா, பெறகு எதுக்கு?” என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். “வாசிக்கும்போதுதாம்ல என் தப்பு என் காதுல விழுது” என்பார்.

புராடக்ட் மேனேஜர் என்ற வேலை மென்பொருளோடு பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சோப்புக்குப் பிறந்தது. 1931 மே 13 அன்று, ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர், தமக்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று கேட்டு மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாக ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை என்று ஊர் ஊராகப் பார்த்து, ஏன் என்று கண்டறிந்து, அதைச் சரிசெய்யும் திட்டத்தை எழுதி, அதன் விளைவுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலையும் அவருடையதன்று, விற்பனையாளர்களும் அவருடைய ஆட்களல்லர். 1931இல் சோப்புக்கு எழுதிய அந்த விவரம் இன்றைய மென்பொருள் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எழுதியவர் பிற்பாடு அமெரிக்காவின் பாதுகாப்புத் துறைச் செயலாளராகவே ஆனார். எங்கள் பெரியப்பாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை சமாதானமாகியிருப்பார்.

நான் இந்த வேலைக்கு வந்தது போன் வழியாக. 2013இல் பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் படித்து முடித்துவிட்டு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த ஒரு சிறு நிறுவனத்தில் சப்போர்ட் பிரிவில் சேர்ந்தேன். மளிகை, ஹார்டுவேர், மருந்துக் கடைகளுக்கும் சில கமிஷன் கடைகளுக்கும் பில் போடும் மென்பொருளை அவர்கள் விற்றுவந்தார்கள். காலை 9 மணி முதல் காதில் ஹெட்செட். “அண்ணாச்சி, ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு வாசிங்க” என்பதே நாள் முழுவதும் என் பேச்சு. ஒவ்வொரு அழைப்புக்கும் கணினியில் பதியும் டிக்கெட்டில் பிரச்சினையின் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்றார்கள். எனக்கு அது போதவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். முதல் பத்தியில் கடைக்காரர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். இரண்டாவதில் நான் செய்தது. மூன்றாவதன் தலைப்பு ‘எதுக்காகக் கேட்டார்’. அந்த மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. பிறகு நான் பார்த்த வேலை முழுவதும் அந்தக் காலி இடத்தை நிரப்புவதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது ஒரு கிறுக்குப் பழக்கம் மட்டுமே.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் நள்ளிரவு விழா நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் ஒன்பது பேர் புரோட்டாப் பொட்டலங்களோடு அலுவலகத்தில் விழித்திருந்தோம். அடுத்த மூன்று வாரங்கள் போன் கீழே வைக்கப்படவில்லை. எந்தச் சரக்குக்கு எந்த எச்எஸ்என் குறியீடு (வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்), பழைய இருப்புக்கு எந்த வரி, கடன் பில்லை எந்தத் தேதியில் போடுவது என்று கடைக்காரர்கள் எதை எதோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் நோட்டில் அவர்கள் வாய்மொழியிலேயே இருந்தது. மென்பொருளை எழுதும் டெவலப்பர்களின் அறைக்குள் நான் முதன்முதலாகக் கூப்பிடப்பட்டது அந்த நோட்டுக்காகத்தான். எனக்கு வழி விட்டது நோட்டு என்று அறியாமல், என் அறிவுக்காகக் கூப்பிட்டார்கள் என்று சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டில் அடிக்கடி வந்த ஒரு வரி: ‘பில்லை அழிக்க வழி வேணும்.’ கமிஷன் கடைகள் அத்தனையும் இதைக் கேட்டன. விற்பனைப் பிரிவு கொடுத்துவிடுங்கள் என்றது. டெவலப்பர்கள் முடியவே முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பில் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் விட்டுப்போகாமல் வரிசையாக வர வேண்டும், ஓர் எண் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது வரி விதி. நடுவில் ஒன்றை உருவினால் வரிசை உடையும், தணிக்கையில் கடைக்காரர்தான் மாட்டிக்கொள்வார். “அழிக்க முடியலன்னா இது என்ன பெட்டி வே?” என்று ஓர் அண்ணாச்சி என்னிடம் கத்தினார். அவருடைய கடைக்கே போய் மூன்று நாள் உட்காருவது என்று முடிவு செய்து, விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன்.

அதை இன்றும் என்னால் அங்குலம் அங்குலமாகச் சொல்ல முடியும். வெங்காயச் சருகு பறக்கும் கடை, மேசைக்கு அடியில் யுபிஎஸ், மேசைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டியின்மேல் ரசீது பிரிண்டர். பில் போடும் பையன் திரையைப் பார்ப்பதே இல்லை. எடைக்காரர் கூவுவதைக் கேட்டபடி விரல்களால் தட்டுகிறான். தாள் வந்ததும் கிழித்து நீட்டுகிறான். இரண்டாம் நாள் ஆறு மணிக்கு ஒரு கணம் மின்சாரம் போய் வந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை, யுபிஎஸ்ஸில் இருக்கிறது. பிரிண்டர் அணைந்துவிட்டது, அது சுவர் பிளக்கில் இருக்கிறது. பில் சேமிக்கப்பட்டுவிட்டது, தாள் வரவில்லை. தாள் வராததால் பில் விழவில்லை என்று எண்ணிய பையன் அதே கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தட்டினான். மாலையில் பேரேட்டைக் கூட்டும்போது ஒரே விவசாயிக்கு இரண்டு பில் நிற்கும். அதில் ஒன்றை அழிக்க வேண்டும். தாள் சுருள் தீர்ந்துபோனாலும் இதே கதை. நான்கு ஆண்டுகளாக எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த அந்த ‘அழிக்கும் வசதி’ ஒருவருக்கும் தேவைப்படவில்லை. கடைசிச் சிட்டையை அதே எண்ணோடு இன்னொரு முறை அச்சிடும் ஒரு பட்டன் தேவைப்பட்டது. பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டச் சொன்னதையும் சேர்த்தால் இரண்டு தேவைகள்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அதை ஒரு பக்கத்தில் எழுதினேன். பட்டன் எங்கே இருக்கும், எதை அழுத்தினால் என்ன வரும், எப்போது வராது என்பதை எழுதி, திண்ணையில் இருந்த அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “ரெண்டாவது சிட்டைய வச்சுக்கிட்டு ஒருத்தன் ரெண்டு தடவ பணம் கேட்டாம்னா?” என்றார். நான்கு டெவலப்பர்களும் ஒரு டெஸ்டரும் பார்த்திருந்தாலும் அந்த ஓட்டை தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மறுபடி அச்சிடும் தாளின் தலையில் ‘நகல்’ என்று கொட்டை எழுத்தில் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பட்டன் வெளிவந்த பிறகு, பில்லை அழிக்கச் சொல்லி வந்த அழைப்புகள் தேய்ந்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று ஆயின. அடுத்த ஏப்ரலில் என் விசிட்டிங் கார்டில் பதவிப் பெயர் மாறியது. சம்பளம் மாற இன்னும் ஓராண்டு ஆனது.

சப்போர்ட் பிரிவிலிருந்து வந்தவன் என்பதை ஒரு காலத்தில் மறைத்தேன். அது வீண் கூச்சம். தென்காசிப் பக்கம் 2011இல் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் வந்தது. அங்கேயிருந்து உருவாகி உலகச் சந்தைக்குப் போன ஜோஹோ டெஸ்க் என்பது வாடிக்கையாளரின் குறைகளைக் கையாளும் மென்பொருள்தான். 2010இல் சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற ஃப்ரெஷ்வொர்க்ஸின் முதல் தயாரிப்பும் அதே வகைதான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிஷ் மாத்ருபூதம் அதற்கு முன் ஜோஹோவில் தயாரிப்பு மேலாண்மைப் பொறுப்பில் இருந்தவர். குறை கேட்கும் தொழிலிலிருந்தே இவ்வளவு பெரிய தயாரிப்புகள் முளைத்திருக்கும்போது, குறை கேட்ட காதுகளை எதற்காக மறைக்க வேண்டும்?

கூகுளில் மரிஸா மேயர் 2002இல் தொடங்கிய இளநிலை புராடக்ட் மேனேஜர் திட்டம்போல, கல்லூரியிலிருந்து நேரே எடுத்து வளர்க்கும் வழிகள் இருக்கின்றன. திருநெல்வேலியில் பட்டம் முடித்த ஒருவருக்கு அந்த வாசல் எளிதில் திறப்பதில்லை. சப்போர்ட், டெஸ்டிங், கடைகளில் மென்பொருளை நிறுவிப் பயிற்சி தரும் வேலை ஆகியவையே நமக்கான வாசல்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்கும் சான்றிதழ்களைப் பற்றி என்னிடம் மாதம் ஒருவராவது கேட்கிறார். நேர்காணலில் அந்தச் சான்றிதழை வைத்து நான் யாரையும் எடுத்ததுமில்லை, விலக்கியதுமில்லை. ‘நீங்கள் பார்த்த ஒரு பிரச்சினையை எழுதிக் காட்டுங்கள்’ என்று ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும்.

எதை முதலில் செய்வது என்று தேர்வதற்கும் வாய்பாடுகள் உண்டு. இன்டர்காம் என்ற மென்பொருள் நிறுவனத்தார் பரப்பிய ஒன்றின் பெயரே ரைஸ்: எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பயன் தரும், நம் ஊகத்தில் நமக்கே எவ்வளவு நம்பிக்கை என்ற மூன்றையும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுக்க வேண்டும். அம்பை 16 அரிசியில் இட்லி தின்று வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரே முதலில் பிடித்துப்போனது. ஆனால் அந்த ‘நம்பிக்கை’ என்ற எண்ணைத் தமக்கு வேண்டியபடி ஏற்றிப் போட்டு, ஏற்கெனவே முடிவு செய்ததை வாய்பாடு சொன்னதாகக் காட்டுபவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

2019இல் பட்ட அடியையும் எழுதிவிட வேண்டும். அந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 11. அதற்கு முந்தைய வாரம், புதிய திரை அமைப்பை வெளியிடும் முடிவில் கையெழுத்திட்டவன் நான். விற்பனைப் பிரிவு ஒரு கண்காட்சிக்காக அவசரப்பட்டது. எனக்கும் புதிய திரையைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. திரை அழகாகவே இருந்தது. ஆனால் சேமிக்கும் விசையை மாற்றியிருந்தோம். பில் போடும் பையன்கள் திரையைப் பார்ப்பதில்லை, விரலால்தான் பார்க்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கண்ணாலேயே கண்டவன், அதை மறந்துபோனேன். ஓணத்துக்கு முந்தைய வாரம் பாவூர்சத்திரத்தில் லாரி நிற்க இடம் இருக்காது. காலை 5 மணி 10 நிமிடத்துக்கு முதல் போன் வந்தது. எட்டு மணிக்குள் பழைய பதிப்பைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குள் பல கடைகள் கையால் சிட்டை எழுதத் தொடங்கிவிட்டன. ஒரு கடையில் அண்ணாச்சி ஒன்றும் திட்டவில்லை. பழைய கார்பன் தாள் நோட்டைத் தூசி தட்டி மேசைமேல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “டீ குடிச்சிட்டுப் போ தம்பி” என்றார். திட்டியிருக்கலாம்.

அந்த மாற்றத்துக்கும் நான் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஆனால் அதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அமேசானில் கூட்டம் தொடங்கும்போது எல்லாரும் ஆறு பக்கக் குறிப்பை அமைதியாகப் படிப்பார்கள். அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2004இல் கூட்டங்களில் பவர்பாயிண்ட் படவில்லைகளைத் தடை செய்த பிறகு வந்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான், ஆனால் கண் தாவிவிடும், காது தாவாது. அதன் பிறகு நான் எழுதும் எதையும், கட்டப்போகும் டெவலப்பரும் நாளை போன் எடுக்கப்போகும் சப்போர்ட்காரரும் ஒரே அறையில் இருக்கும்போது உரக்க வாசித்தே முடிவு செய்கிறேன். நேரம் வீணாகிறது என்ற குறை வந்ததுண்டு. ஓணமும், பொங்கலும், தீபாவளியும், நிதியாண்டு முடியும் மார்ச் 31ம் சிவப்பு வட்டமிட்ட ஒரு காலண்டர் அன்றிலிருந்து என் சுவரில் தொங்குகிறது.

2021இல் சென்னை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். வேலை திருநெல்வேலியில் இருந்தபடியேதான். அங்கே முதல் ஆண்டு முடிவில் பதவி உயர்வு கேட்டு, அந்த ஆண்டு நான் வெளியிட்ட 14 வசதிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். என் மேலாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் பதினான்கில் எதை நாளைக்கு எடுத்துவிட்டால் ஒருவராவது போன் செய்வார்?” ஐந்தைப் பற்றித்தான் எனக்குத் துணிந்து சொல்ல முடிந்தது, அந்த ஐந்துக்கும்கூடக் கையில் ஆதாரம் இல்லை. உயர்வு வரவில்லை. அடுத்த ஆறு மாதம், டேட்டாபேஸில் தகவலைத் தேடி எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டு, யார் எதைப் பயன்படுத்துகிறார் என்பதை டேட்டாபேஸிலேயே பார்க்கப் பழகினேன். மூன்று வசதிகளை நானே எடுத்துவிடச் சொன்னேன். போட்டதை எடுக்கச் சொல்வதற்கு, போடச் சொல்வதைவிட அதிகம் எழுத வேண்டியிருந்தது, அதிகம் பேரிடம் வாசித்துக் காட்டவும் வேண்டியிருந்தது. மறு ஆண்டு உயர்வு வந்தபோது அந்த மூன்றைப் பற்றித்தான் பேசினார்கள்.

இப்போது எனக்குக் கீழே மூன்று பேர் இருக்கிறார்கள், பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதே உண்மை. என் சிட்டையை நான் எழுதி நான் வாசித்தவரை, தப்பு என் காதில் விழுந்தது. இப்போது சிட்டை எழுதுபவர்கள் அவர்கள். பதில் சொல்பவன் நான். கை பரபரக்கும், வாங்கித் திருத்திவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும். அப்படித் திருத்திக் கொடுத்த ஆறு மாதத்தில், மூவரும் அரைகுறையாக எழுதி எனக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கப் பழகியிருந்தார்கள். அது என் தவறு.

போன மாதம், சுரண்டையிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் பெண் தன் முதல் பெரிய குறிப்பை எழுதியிருந்தாள்: கடன் பாக்கியை நினைவூட்டும் குறுஞ்செய்தி பற்றியது. முந்தின இரவே எனக்கு அனுப்பியிருந்தாள். படித்தேன், தப்பு இருந்த இடம் தெரிந்தது, ஒன்றும் எழுதி அனுப்பவில்லை. காலையில் நான்கு பேர் இருந்த அறையில் அவள் வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாம் வரியில் சப்போர்ட்காரர் கையை உயர்த்தி, “இருங்க மேடம். பாக்கியக் கட்டின பெறவும் இந்த மெசேஜ் போச்சுன்னா, நான் போன்ல அண்ணாச்சிக்கு என்ன சொல்ல?” என்றார். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்; நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே நெருக்கி வேறொன்று எழுதிக்கொண்டு, “அண்ணே, நான் மொதல்ல இருந்து வாசிக்கேன்” என்றாள்.